வேலை செய்யும் இடத்தில் கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறை, அலுவலகம், கட்டுமானத் தளம் என்று எங்கே பாதுகாப்பு வகுப்பு நடந்தாலும், வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். அவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் வேலையைக் கற்றுத்தருவது இந்தப் பக்கத்தின் நோக்கம் இல்லை. மின்சாரத்தின் பக்கத்தில் நின்று வேறு வேலை பார்ப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதியிருக்கிறேன். அளவுகளைச் சொல்லும் இடங்களில் 230 வோல்ட் சப்ளையை வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன்.

ஷாக் அடிக்கும்போது உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

நம் தசைகளும் நரம்புகளும் இதயமும் மிகச் சிறிய மின் சைகைகளால் இயங்குபவை. வெளியிலிருந்து பெரிய மின்னோட்டம் புகுந்தால் அந்தச் சைகைகள் அதில் மூழ்கிப்போகும். தசை தன்னிச்சையாக இறுகும், மூச்சு விடும் தசைகள் அசையாமல் நின்றுவிடும். இதயத் தசைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து துடிக்காமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்க ஆரம்பிக்கும். அப்படி நடுங்கும் இதயம் ரத்தத்தைத் தள்ளாது. ஷாக்கில் உடனடியாக நேரும் மரணங்களுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொன்று சூடு. மின்னோட்டம் போகும் வழியெல்லாம் திசு வேகும். தோலில் சின்னப் புள்ளி மட்டும் தெரியும். உள்ளே தசை எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது.

கொல்றது வோல்ட்டா, ஆம்பியரா?

உடம்பைப் பாதிப்பது அதன் வழியாகப் போகும் ஆம்பியர். அந்த ஆம்பியரைத் தள்ளுவது வோல்ட். அதனால் இது அரட்டைக்கு நல்ல கேள்வி, வேலைக்கு உதவாது.

உதவும் கணக்கு இது. கை ஈரமாகவோ வியர்த்தோ இருந்தால் உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். சுமார் 1 மில்லியாம்பியரில் சுருக்கென்று தெரியும். 10 வாக்கில் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 சில நொடிகள் நீடித்தால் மூச்சு நிற்கும் அபாயம் உண்டு. 50-லிருந்து 100-க்குள் இதயம் நடுங்க ஆரம்பிக்கலாம். அதாவது 60 வாட் குண்டு பல்பை எரிய வைக்கும் மின்னோட்டம் (சுமார் 260 மில்லியாம்பியர்) ஓர் ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும்.

எனக்கு எத்தனையோ தடவை அடிச்சிருக்கு, ஒண்ணும் ஆகலையே?

அந்தத் தடவைகளில் கை காய்ந்திருந்தது, காலில் நல்ல ஷூ இருந்தது, விரல் நுனி மட்டும் பட்டு உதறிக்கொண்டு வந்தது, மின்னோட்டம் ஒரே கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே போனது. இவற்றில் ஏதோ ஒன்று உங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கிறது. ஒரு கையில் புகுந்து மறு கை வழியாகவோ கால் வழியாகவோ வெளியேறினால் வழியில் இதயம் இருக்கிறது.

‘எனக்கு கரண்ட் பழகிப்போச்சு’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் ஒவ்வொரு பட்டறையிலும் இருக்கிறார்கள். உடம்பு மின்சாரத்துக்குப் பழகுவதில்லை. பயம் மட்டும்தான் குறைகிறது.

கரண்ட் ஆளைப் பிடிச்சு இழுக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

இழுப்பது மின்சாரம் இல்லை, நம் கையே. விரல்களை மடக்கும் தசை, விரிக்கும் தசையைவிட வலுவானது. திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்னோட்டத்தில் இரண்டும் ஒன்றாக இறுகும்போது மடக்கும் தசை ஜெயிக்கிறது. பிடித்ததைக் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்தார். விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்குச் சுமார் 10.5 என்று கண்டார். சராசரி என்பதைக் கவனியுங்கள். அதற்குக் கீழேயே மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

இதனால்தான் பழைய ஆட்கள், சந்தேகமான பொருளைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் புறங்கையால் தொடுவார்கள். தசை இறுகினால் கை விலகும் என்பது அவர்கள் கணக்கு. அதைச் சோதிக்கும் முறையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குக் கருவி இருக்கிறது, பின்னால் வருகிறது.

அதான் எம்.சி.பி. போட்டிருக்கே, அது காப்பாத்தாதா?

எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச். அதுவும் பியூஸும் ஒயரைக் காப்பாற்ற வைத்தவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லியாம்பியர் வரை அது அசையாது. மேலே பார்த்த 30 மில்லியாம்பியர் அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒருவர் ஒயரைப் பிடித்தபடி துடித்துக்கொண்டிருந்தாலும் அந்த எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது போல்தான் தெரியும். எர்த் ஒயர் சரியாக இருந்தால் எம்.சி.பி. வேறு வகையில் உதவும். அதை எர்த் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அப்போ ஆர்.சி.சி.பி. போட்டா பயமே இல்லையா?

ஆளைக் காப்பாற்ற என்றே வந்த கருவி அதுதான். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். உங்கள் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்கு ஒழுகினால் கணக்கு இடிக்கும், உடனே துண்டிக்கும். ஆள் பாதுகாப்புக்கு வைப்பது 30 மில்லியாம்பியர் வகை. அந்த அளவு கசிந்தால் அதிகபட்சம் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள்.

பயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்து, தரையிலிருந்து விலகி நின்றால் கசிவே இல்லை. அந்தக் கருவி உங்களை ஒரு மோட்டார் என்று நினைத்துக்கொள்ளும். விழும் முன் ஒரு கணம் ஷாக் அடிக்கத்தான் செய்யும். ஏணி மேல் நிற்பவருக்கு அந்த ஒரு கணம் போதும். உள்ளே பொறிமுறை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் விழவும் விழாது. முகப்பில் உள்ள டெஸ்ட் பொத்தானைத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் அழுத்திப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் சாதாரண ஆர்.சி.சி.பி. கவனிக்காது, எம்.சி.பி.யும் கூடவே வேண்டும்.

அது சும்மா சும்மா டிரிப் ஆகுது. வேலை கெடுது. நேரா கொடுத்துடலாமா?

கூடாது. சும்மா விழுவதாகத் தோன்றும் பல நேரங்களில் எங்கேயோ உண்மையான கசிவு இருக்கிறது. மழையில் நனைந்த ஜங்ஷன் பாக்ஸ், தோல் உரிந்த கேபிள், ஈரம் புகுந்த மோட்டார் என்று ஏதாவது ஒன்று. லோடுகளை, அதாவது மாட்டியிருக்கும் மெஷின்களையும் சாதனங்களையும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எதை மாட்டும்போது விழுகிறது என்று பிடித்துவிடலாம்.

உண்மையிலேயே காரணமில்லாமல் விழும் சூழலும் உண்டு. கம்ப்யூட்டர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போன்றவற்றின் உள்ளே இருக்கும் ஃபில்டர்கள் தலைக்குக் கொஞ்சம் எர்த்துக்கு ஒழுகவிடும். ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் இருபது முப்பது கம்ப்யூட்டர்களை வைத்தால் அந்தக் கொஞ்சமெல்லாம் சேர்ந்து எல்லையைத் தொடும். அதற்கு வழி சர்க்யூட்டைப் பிரித்து இன்னொரு ஆர்.சி.சி.பி. போடுவது.

எர்த் ஒயர் இல்லாமலும் மெஷின் ஓடுதே, அப்புறம் அது எதுக்கு?

ஓடுவதற்கு அது தேவையே இல்லை. அதனால்தான் அது அறுந்திருப்பது யாருக்கும் தெரிவதில்லை. மெஷினுக்குள் ஃபேஸ் ஒயர் உரிந்து உலோக உடலில் பட்டால், எர்த் இருந்தால் பெரிய மின்னோட்டம் அந்த வழியே பாய்ந்து எம்.சி.பி. விழும், அல்லது ஆர்.சி.சி.பி. விழும். யாரும் தொடும் முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்த உடல் 230 வோல்ட்டோடு அமைதியாகக் காத்திருக்கும். அடுத்து வந்து தொடுபவர்தான் எர்த் ஒயர்.

இதில் ஒரு நுணுக்கம். தரையில் ஒரு கம்பியை அடித்துவிட்டால் எர்த் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த மண்ணில் அந்தக் கம்பியின் தடை 20 ஓம் இருந்தால் 230-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள்: 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது, மெஷின் உடலும் மின்சாரத்தோடே இருக்கும். தரைக் கம்பியை மட்டும் நம்பும் இடங்களில் ஆர்.சி.சி.பி. கட்டாயம் என்பது இதனால்தான்.

அப்படின்னா கை டிரில்லுக்கு ரெண்டு பின்தானே இருக்கு? எர்த் எங்கே?

அதன் பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட சின்னம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் கருவி, எர்த் தேவையில்லாதபடி வடிவமைத்தது. அதன் கூடு விரிசல் விட்டாலோ, உள்ளே தண்ணீர் புகுந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம். டேப் சுற்றி ஓட்டக் கூடாது. சின்னம் இல்லாமல், உலோக உடலோடு, எர்த் பின் உடைத்த பிளக்கோடு இருக்கும் கருவி வேறு கதை. அதை எடுத்து ஓரமாக வையுங்கள், ‘உபயோகிக்காதே’ என்று எழுதிக் கட்டிவிட்டு.

மெஷினைத் தொட்டா லேசா ஜிவ்வுன்னு இருக்கு. அவ்வளவுதான், பரவாயில்லையா?

நான் கேட்ட கேள்விகளிலேயே அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். அந்த ஜிவ்வு நல்வாய்ப்பாகக் கிடைத்த எச்சரிக்கை. எர்த் சரியாக இருக்கும் மெஷின் உடலில் எதுவும் உணரக்கூடாது.

கம்ப்யூட்டர் மாதிரி சாதனங்களில் ஃபில்டர் வழியாக வரும் சிறு கசிவாக இருக்கலாம். எர்த் அறுந்திருந்தால் அதன் உடல் சப்ளையின் பாதி வோல்ட்டில் மிதக்கும். அந்தக் கசிவு தனியாகக் கொல்லாது. ஆனால் எர்த் அறுந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. மோட்டார் மெஷின் என்றால் உள்ளே இன்சுலேஷன் சரிந்துகொண்டிருக்கலாம். காய்ந்த கையில் ஜிவ்வு என்றால், அதே இடத்தைக் கழுவிய கையோடு தொட்டால் என்ன ஆகும் என்று மேலே உள்ள கணக்கே சொல்லும். நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், சொல்லுங்கள்.

நியூட்ரலைத் தொட்டா அடிக்காதுதானே?

எல்லாம் சரியாக இருக்கும்வரை. நியூட்ரல் எங்காவது மேலே அறுந்துபோனால், லோடுக்குப் பின்னால் இருக்கும் நியூட்ரல் முழுவதும் அந்த லோடு வழியாகவே ஃபேஸ் ஆகிவிடும். பல்பு எரியாது, மெஷின் ஓடாது. ‘சப்ளை இல்லை’ என்று நினைத்து ஒருவர் கை வைப்பார். மூன்று ஃபேஸ் இருக்கும் இடத்தில் பொது நியூட்ரல் போனால் இன்னும் மோசம்: சில சாதனங்களுக்கு 400 வோல்ட்டை நெருங்கிக்கூடப் போய்விடும். நியூட்ரலையும் உயிருள்ள, அதாவது மின்சாரம் இருக்கும், ஒயராகவே நடத்துங்கள்.

ஸ்விட்சை ஆஃப் பண்ணியாச்சு. இனி கை வைக்கலாமா?

விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் இது. ஸ்விட்ச் ஆஃப் என்பது மெஷினை நிறுத்த. வேலை செய்யும் அளவுக்குச் சப்ளையை வெட்டுவது வேறு. ஸ்விட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். ஸ்டாப் பொத்தான் கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும் வெட்டும், மெயின் முனையில் சப்ளை அப்படியே இருக்கும். ஒரே பேனலுக்கு இரண்டு இடத்திலிருந்து சப்ளை வரலாம். எல்லாவற்றையும்விட, நீங்கள் உள்ளே குனிந்திருக்கும்போது ‘யாருடா ஆஃப் பண்ணினது’ என்று இன்னொருவர் போட்டுவிடலாம்.

அதனால் வரிசை இப்படி: எந்தெந்த இடத்திலிருந்து சப்ளை வருகிறது என்று கண்டுபிடிப்பது, ஐசொலேட்டரில் (சப்ளையை முழுதாகப் பிரிக்கும் ஸ்விட்சில்) வெட்டுவது, அதில் பூட்டுப் போட்டுப் பெயர் எழுதிய அட்டை கட்டுவது, பிறகு மின்சாரம் இல்லை என்று கருவியால் நிரூபிப்பது. பெரிய மின்னழுத்தம் என்றால் அதோடு ஒயர்களை எர்த்தோடு சேர்த்து ஷார்ட் செய்வதும், பக்கத்தில் உயிருள்ள பாகங்களை மூடுவதும் சேரும். பூட்டு ஒருவருக்கு ஒன்று. சாவி அவரவர் பையில் இருக்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு, அதற்கென்றே பல துளை உள்ள கொக்கி கிடைக்கிறது. கடைசி ஆள் வெளியே வரும்வரை சப்ளை வராது.

அட்டை மட்டும் கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். அட்டை படிப்பவருக்குத்தான் உதவும். அவசரத்தில் இருப்பவர் படிக்க மாட்டார்.

டெஸ்டர் எரியலை. அப்போ கரண்ட் இல்லைன்னுதானே அர்த்தம்?

டெஸ்டர் எரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஸ்க்ரூ டிரைவர் வடிவில் வரும் நியான் டெஸ்டர், உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எரிகிறது. நல்ல ரப்பர் ஷூ போட்டு மர ஏணியில் நின்றால் மங்கலாக எரியும் அல்லது எரியாது. வெயிலில் எரிந்தாலும் தெரியாது. உள்ளே நியான் உடைந்திருந்தாலும் எரியாது. தொடாமலே ஒலிக்கும் பேனா டெஸ்டருக்கும் குறை உண்டு: உலோகக் குழாய்க்குள் போகும் ஒயரையும் டி.சி.யையும் (பேட்டரியில் வருவது போன்ற ஒரே திசை மின்னோட்டம்) அது கண்டுகொள்ளாது.

நம்பத்தக்க முறை இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டர். முதலில் சப்ளை இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா பார்ப்பது. பிறகு வேலை செய்யப் போகும் இடத்தில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்ப்பது. மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸ்களுக்கு இடையேயும். அப்புறம் மறுபடி அந்தத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது. கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால் அது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

மெயின் ஆஃப், பூட்டும் போட்டாச்சு. அதுக்கப்புறமும் அடிக்குமா?

அடிக்கும். கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். 400 வோல்ட் மூன்று ஃபேஸில் ஓடும் மோட்டார் டிரைவுக்குள் டி.சி. பகுதி சுமார் 565 வோல்ட்டில் இருக்கும். சப்ளையை வெட்டிய பிறகும் சில நிமிடங்களுக்கு அப்படியே நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே ஒட்டியிருப்பார்கள். காத்திருந்த பிறகும் அளந்து பார்க்க வேண்டும்.

யு.பி.எஸ். மெயின் போனதும் தானே சப்ளை கொடுக்க ஆரம்பிக்கும், அதற்குத்தான் அதை வாங்கியதே. தவறாக இணைத்த ஜெனரேட்டர், செத்துப்போன லைனுக்குள் பின்பக்கமாகச் சப்ளை அனுப்பும். தூரத்தில் கம்பத்தில் ஏறியிருப்பவர் அதில் மாட்டுவார். கூரையில் சோலார் பேனல் இருந்தால் வெளிச்சம் படும் நேரமெல்லாம் அதன் ஒயர்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும், பல இடங்களில் பல நூறு வோல்ட்.

பேட்டரி 12 வோல்ட்தானே, அதுல என்ன ஆபத்து?

ஷாக் அடிக்காது, சரி. ஆனால் பெரிய பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே ஸ்பானர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயலாம். ஸ்பானர் சிவக்கும், உலோகம் தெறிக்கும். விரலில் மோதிரம் இருந்தால் அது விரலைச் சுற்றியே பழுக்கும். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பேட்டரி அறைக்குள் போக வேண்டும். பல பேட்டரிகளைத் தொடராக இணைத்து வோல்ட் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால் ஷாக்கும் உண்டு. டி.சி. ஆர்க் (காற்றைத் தாண்டி எரியும் மின்பொறி) ஏசியைவிட அணைவதும் கடினம், அதற்கு இடையில் பூஜ்யத்தைத் தொடும் கணமே இல்லை.

ரப்பர் செருப்பு போட்டு மரப்பலகை மேல நின்னா போதாதா?

இரண்டு கையால் இரண்டு பொருளைத் தொடும்போது காலில் என்ன இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. மின்னோட்டம் கையிலிருந்து கைக்கே போய்விடும். ஈரமான செருப்பு, ஆணி ஏறிய செருப்பு, ஈரப் பலகை எல்லாம் மின்சாரத்தைக் கடத்தும்.

கையுறை என்றால் தோல் கையுறையோ, தோட்ட வேலை ரப்பர் கையுறையோ இல்லை. மின் வேலைக்கான இன்சுலேட்டிங் கையுறையில் வகுப்பு அச்சிட்டிருக்கும்: 00 வகுப்பு 500 வோல்ட் வரை, 0 வகுப்பு 1,000 வோல்ட் வரை. ஒவ்வொரு முறையும் போடுமுன் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்து, கசிகிறதா என்று பார்ப்பார்கள். குண்டூசி முனை அளவு ஓட்டை போதும், அது உதவாது. இதெல்லாம் கடைசி வரிசைப் பாதுகாப்பு. சப்ளையை வெட்ட முடியும்போது கையுறையை நம்பி வேலை செய்ய ஒரு காரணமும் இல்லை.

ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எத்தனை மாட்டலாம்?

எத்தனை துளை என்று எண்ணாதீர்கள், வாட்டைக் கூட்டுங்கள். பாக்ஸில் எழுதியிருக்கும் ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் மொத்த வாட் வரம்பு வரும். ஹீட்டர், கெட்டில், கம்ப்ரசர் போன்றவற்றை நேரே சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸ் என்று சங்கிலி போடக் கூடாது.

ஒயரில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் ‘கொஞ்சம் கூடுதலாகத்தானே’ என்பது ஆபத்து. ரீலில் சுற்றிய நிலையிலேயே கேபிளை உபயோகித்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள் சுற்று உருகும். பல ரீல்களில் சுற்றியிருக்கும்போது இவ்வளவு, முழுக்க விரித்தால் இவ்வளவு என்று இரண்டு வாட் அளவு அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கும்போது சுடுகிறது, பழுப்பேறியிருக்கிறது, மீன் வாடை மாதிரி அடிக்கிறது என்றால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இணைப்பை எம்.சி.பி. கண்டுபிடிக்காது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவே இல்லை.

தண்ணி டேங்குக்குள்ள, பாய்லருக்குள்ள வேலை. என்ன லைட் எடுத்துட்டுப் போகலாம்?

சுற்றிலும் உலோகம், உடம்பெல்லாம் வியர்வை, வெளியே வரச் சின்ன வழி. இங்கே 230 வோல்ட் வேண்டவே வேண்டாம். பேட்டரி விளக்கு நல்லது. கேபிள் விளக்குதான் என்றால் 25 வோல்ட்டுக்கு மேல் போகாத பாதுகாப்பு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, அந்த டிரான்ஸ்ஃபார்மரை வெளியே வைத்து. அதை வசதிக்காக உள்ளே எடுத்துப்போனால் கூடவே 230 வோல்ட்டும் உள்ளே வந்துவிடும். அந்தத் தவறு நடக்காத இடம் குறைவு.

வெல்டிங் செட்ல வோல்ட் கம்மிதானே?

வெல்டிங் நடக்கும்போது 20, 30 வோல்ட்தான். ராடு தொடாமல் சும்மா இருக்கும்போது 80 வோல்ட் வரைகூட இருக்கும். ஈரக் கையின் 1,000 ஓம் கணக்கில் அது 80 மில்லியாம்பியர். நனைந்த கையுறையோடு ராடு மாற்றும் கணம்தான் ஆபத்து. ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரிட்டர்ன் கேபிளை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்ப் செய்யுங்கள். எங்கோ தூரத்து இரும்பில் மாட்டினால் அந்த மின்னோட்டம் கிரேன் கம்பி, பேரிங், எர்த் ஒயர் என்று கிடைத்த வழியில் எல்லாம் திரும்பி வரும்.

தொடவே இல்லை, பேனலைத் திறந்ததுக்கே முகம் வெந்துடுச்சுன்னாங்க. எப்படி?

அது ஆர்க் ஃபிளாஷ். உயிருள்ள பேனலில் ஸ்க்ரூ டிரைவர் நழுவியோ, எலி புகுந்தோ, தூசியும் ஈரமும் சேர்ந்தோ பஸ்பார்களுக்கு (மின்சாரம் போகும் தடித்த உலோகப் பட்டைகளுக்கு) இடையே ஷார்ட் ஆகும். காற்றே கடத்தியாகி எரியும். அந்த ஆர்க்கின் வெப்பம் சுமார் 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. செம்பு ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரிந்து வெடிக்கும்.

பெரிய பேனல்களைத் திறப்பது அதற்கென்று பயிற்சியும் உடையும் உள்ளவர்களின் வேலை. மற்றவர்கள் செய்யக்கூடியது: பேனல் கதவை மூடி வைப்பது, முன்னால் சாமான் அடுக்காமல் இருப்பது, திறந்திருக்கும் பேனலுக்கு எதிரே நின்று வேடிக்கை பார்க்காமல் இருப்பது. பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலே லைன் போகுது. பறவை உட்காருதே, இன்சுலேஷன் இருக்கும்ல?

இருக்காது. பெரும்பாலான மேல்நிலைக் கம்பிகள் வெற்றுக் கம்பிகள். பறவையின் இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் தப்பிக்கிறது. உங்கள் அலுமினிய ஏணி ஒரு முனையில் கம்பியையும் மறு முனையில் தரையையும் தொடுகிறது. உயர் மின்னழுத்தத்தில் தொடவும் வேண்டாம், நெருங்கினாலே பாயும்.

கிரேனோ டிப்பரோ லைனில் மாட்டினால் ஓட்டுநர் உள்ளேயே இருக்க வேண்டும், சப்ளை வெட்டப்பட்டது உறுதியாகும்வரை. வெளியே இருப்பவர்கள் வண்டியைத் தொடக் கூடாது, பக்கத்திலும் வரக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே தீரவேண்டும் என்றால் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதிக்க வேண்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல். பிறகு பாதங்கள் ஒன்றையொன்று உரசியபடியே சிறு அடிகளாக விலக வேண்டும். காரணம், தரையிலேயே மின்னழுத்தம் தூரத்துக்குத் தூரம் மாறுகிறது. எட்டி வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே ஷாக் அடிக்கும்.

கண்ணெதிரே ஒருத்தருக்கு அடிச்சு ஒட்டிக்கிட்டார். முதல்ல என்ன செய்யணும்?

தொடாதீர்கள். ஸ்விட்சையோ பிளக்கையோ மெயினையோ வெட்டுங்கள். அது முடியவே முடியாது என்றால், சாதாரண 230 வோல்ட் சப்ளையில் மட்டும், காய்ந்த மரக்கட்டையோ பிளாஸ்டிக் பொருளோ வைத்து ஒயரைத் தள்ளலாம். உயர் மின்னழுத்த லைன் என்றால் கட்டையும் காப்பாற்றாது. மின்வாரியத்தார் சப்ளையை நிறுத்தியதாகச் சொல்லும்வரை பத்து மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள்.

சப்ளை போன பிறகு அவரைத் தொடலாம், உடம்பில் கரண்ட் தங்கியிருக்காது. ஆம்புலன்ஸுக்கு ஒருவர் அழைக்கட்டும். அவர் அசையவில்லை, இயல்பாக மூச்சு விடவில்லை என்றால் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள்: 5-லிருந்து 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 முறை. பயிற்சி பெற்றவர் என்றால் 30 அழுத்தத்துக்கு 2 ஊது மூச்சு. நடுங்கும் இதயத்தைத் திரும்ப ஒழுங்காகத் துடிக்க வைப்பது நெஞ்சின் மேல் ஒட்டி இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவிதான், கட்டடத்தில் எங்கே மாட்டியிருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

அவர் எழுந்து தண்ணி குடிச்சுட்டு நல்லாத்தான் இருக்கேன்கிறார். ஆஸ்பத்திரி தேவையா?

தேவை. இதயத் துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்று இ.சி.ஜி. பார்க்க வேண்டும். மயங்கி விழுந்தவர், நெஞ்சு படபடக்கிறது என்பவர், கர்ப்பிணி, உயர் மின்னழுத்தம் பட்டவர் என்றால் தள்ளிப்போடவே கூடாது. வெந்த தசையிலிருந்து வரும் பொருள் சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அதன் அடையாளம். வெளியே தெரியும் தீப்புண் சிறியது என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது என்று முதல் கேள்வியிலேயே பார்த்தோம்.

பேனல்ல தீ. எந்த சிலிண்டர்?

கார்பன் டை ஆக்ஸைடு அல்லது உலர் பொடி. தண்ணீரும் நுரையும் வேண்டாம். முடிந்தால் முதலில் சப்ளையை வெட்டுங்கள், இல்லாவிட்டால் அணைத்த தீ மறுபடி பிடிக்கும். சின்ன அறையில் கார்பன் டை ஆக்ஸைடு அடித்தால் மூச்சு முட்டும். அடித்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள்.

சூப்பர்வைசர் ‘லைனை நிறுத்த முடியாது, அப்படியே பாரு’ன்னு சொல்றார். நான் என்ன சொல்றது?

சட்டத்தை இழுத்துச் சண்டைக்குப் போவதைவிடக் கேள்வி கேட்பது பல இடங்களில் வேலை செய்கிறது. ‘எந்த ஐசொலேட்டர் சார்? பூட்டு எங்கே இருக்கு? யார் டெஸ்ட் பண்ணினாங்க? நிறுத்தாமல் செய்ய எழுத்தில் பெர்மிட் இருக்கா?’ இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அந்த இடம் ஒழுங்காக நடக்கும் இடம். பதில் இல்லை என்றால் அந்த வேலையைத் தொடங்காதீர்கள், ‘இது தெரிஞ்சதும் தொடங்கறேன் சார்’ என்று சொல்லிவிட்டு நில்லுங்கள்.

உயிருள்ள லைனில் வேலை செய்தே ஆகவேண்டிய சூழல்கள் உண்மையிலேயே உண்டு. பழுது கண்டுபிடிக்க அளவெடுப்பது அப்படி ஒன்று. அதை அதற்கான கருவியோடு, பயிற்சி பெற்றவர், பக்கத்தில் மெயினை வெட்டத் தெரிந்த இன்னொருவரை வைத்துக்கொண்டு செய்வார். உற்பத்தி நிற்கும் என்பது அந்தப் பட்டியலில் வராது. நிறுத்தினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சூப்பர்வைசரிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள். பேனல் வெடித்தால் லைன் எத்தனை நாள் நிற்கும் என்பதும் அதே தாளில் வரட்டும்.